எண்ணெய் பூசிய தண்டவாளம்

‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், கூடவே விரல் நீளத் தண்டவாளத் துண்டு ஒன்று லேசாக நகர்ந்து ஒட்டிக்கொள்வது, இவ்வளவுதான். ஆனால் மண்டைக்காட்டுக்கு அடுத்த கடற்கரை ஊரில், பூச்சு வேலை முடியாத எங்கள் மாடியறையில், ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் ஒற்றைப் பிள்ளையான எனக்குத் துணையிருந்தது அந்தச் சத்தம்தான். கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்த அப்பா ஏதோ ஒரு ஜெர்மன் துறைமுகத்தில் வாங்கிவந்த பொம்மை ரயில் அது. டிவி ரிமோட்டைவிடச் சற்றுத் தடித்த ‘கண்ட்ரோலரை’க் கையில் பிடித்து, பாதை பிரியும் இடத்தின் எண்ணை அமுக்கி, அம்புக்குறியைத் தட்டினால் ‘பாயிண்ட்’ மாறும். வண்டி நேர்ப்பாதையை விட்டு ஸ்டேஷனுக்குள் வளையும். ஊரில் வேறு ரயிலே கிடையாது என்பதால் ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு எனக்குப் போட்டியும் இல்லை.

லீவு முடிந்து அப்பா கப்பலேறிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் போன் வரும். செல்போனை ஸ்பீக்கரில் போட்டுத் தண்டவாளத்துக்கு நடுவில் வைப்பேன். “மூணாம் நம்பர மாத்து மக்களே” என்பார்; எங்கள் பக்கம் ஒற்றைப் பிள்ளையும் ‘மக்களே’தான். மாற்றுவேன். “கேட்டுது” என்பார். பிறகு வண்டி ஓடும் சத்தத்தை இரண்டு பேரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்போம். வருஷத்தில் பெரும்பகுதி கடலில் இருக்கும் மனிதரிடம் வேறு என்னத்தைப் பேசுவது?

எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு எந்த இரும்பும் தப்பாது. ஜன்னல் கம்பி, தையல் மெஷின், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய் தடவி வைப்பது வழக்கம். அதே அக்கறையோடு அம்மா ஒருநாள் தண்டவாளத்துக்கும் ஒரு கை பூசிவிட்டாள். எஞ்சினுக்குக் கரண்ட் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக ஏற வேண்டும். எண்ணெய் அதை மறித்துவிட்டது. பாயிண்டுகளுக்குத் தனி ஒயர் என்பதால் அவை மட்டும் மாறின, வண்டி அசையவில்லை.

அந்த ஞாயிறு “வண்டிச் சத்தம் கேக்கலியே” என்று அப்பா கேட்டதும் அம்மா போனை எடுத்தாள். “நான்தான் எண்ணெ தேச்சேன். இல்லேன்னா துருவேறிப் போவும்லா.” திட்டு விழும் என்று நினைத்தேன். அப்பாவோ, “கெடக்கட்டு. ஒண்ணுஞ் செய்யாண்டாம். நான் வந்து பாத்துக்கிடுகேன்” என்றார்.

வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாரே, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். துணியால் துடைத்தால் தீரும் காரியம் அது என்று தெரியாத அளவுக்கு நான் மக்கு அல்ல. சக்கரத்தையும் ஒரு முழத் தண்டவாளத்தையும் துடைத்து, எஞ்சின் அந்த ஒரு முழம் மட்டும் நகர்வதைப் பார்த்தவள்தான். பார்த்ததும் பயம் வந்துவிட்டது. ரயில் ஓடிவிட்டால் அப்பா எதற்கு வர வேண்டும்? துடைத்த இடத்தில் மறுபடி எண்ணெய் தடவினேன். கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தவர் வரவில்லை. “காண்ட்ராக்ட நீட்டிட்டாவ” என்று அம்மா சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நின்றுபோன வண்டிக்கு நான் தினமும் பாயிண்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். அவ்வளவு தனியாக அதற்குப் பிறகு நான் ஒருநாளும் இருந்ததில்லை.

ஈஸ்டருக்குத்தான் வந்தார். பெட்டியைக்கூடத் திறக்காமல் மாடிக்குப் போய், ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் எல்லாவற்றையும் துடைத்தார். வண்டி ஓடியது. இனி இவருக்கு இங்கே வேலை இல்லை என்று எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அம்மா முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அந்த மாடியில் இப்போது வாடகைக்கு ஆள் இருக்கிறது. தண்டவாளத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது, கண்ட்ரோலர் போன இடம் தெரியவில்லை. கப்பலை விட்டுவிட்ட அப்பா வீட்டிலேயே இருக்கிறார், நான்தான் வெளியூரில். போன தடவை ஊருக்குப் போனபோது, அன்றைக்கு எண்ணெயைத் துடைக்கச் சொல்லியிருந்தால் நாங்களே துடைத்திருப்போமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: “நான் இல்லாமலே எல்லாம் நடக்குற வீடு, மக்களே. அது ஒண்ணாவது நான் வாறது வரைக்கும் அப்பிடியே கெடக்கட்டும்னு நெனச்சேன்.”