மழையை அடிக்க வந்த செடிகள்

பூதங்களை மோதவிடும் வீடியோ கேம் போட்டி, இன்று வானகரத்தில் ஒரு மொட்டை மாடியில்.

ஒரு மாதமாக எல்லோரும் நீர்ப் பூதங்களாலான மழை அணியோடுதான் வருகிறார்கள். அதை முறிக்க, தூக்கம் கெட்டு, தண்ணீரை உறிஞ்சும் செடிப் பூதங்களாகப் பார்த்து அணி கட்டினேன்.

முதல் ஆட்டத்தில் எதிரே பூந்தமல்லி யூசுப். அவனிடமும் அதே செடிகள்.

"இன்னா மாமே, நீயும் மழைய அடிக்கத்தான் வந்துகீறியா?"

மாடி முழுக்கச் செடி. மழையைத்தான் காணோம்.

கோப்பை, எங்களோடு ஆட வந்த ஸ்டெல்லா அக்காவுக்கு. மழைக்குப் பயந்து நாங்கள் கைவிட்ட பழைய நெருப்பு அணியால் எங்கள் அத்தனை பேரையும் எரித்துவிட்டார்.

"டீம் மாத்த எங்கப்பா டைம் கீது? பழசையே எத்துகினு வந்தேன்" என்கிறார்.

அடுத்த வாரம் எல்லோரும் நெருப்போடு வருவார்கள். அதை அணைக்க, வீடு திரும்பும் பேருந்திலேயே மழை அணி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் அதைத்தான் கட்டுகிறீர்களா? உண்மையைச் சொல்லிவிடுங்கள், நான் தூங்கவாவது செய்கிறேன்.