செருப்பைக் கழற்ற மறந்த நாள்

கூலிப் போராட்டம் நடந்த வருடம் அது. நீடாமங்கலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, கல்லூரி நூலகத்தில் எடுத்த நாவலைப் படித்தபடியே ஊருக்குள் நடந்தேன். பக்கத்துக்குப் பக்கம் அழும் அந்தக் கதாநாயகிமீது எனக்கு ஒரே எரிச்சல். கடைசி அத்தியாயத்தில்தான் ஒருவழியாக அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "முடியாது" என்றாள்.

"ஏய் பொண்ணு, கால்ல என்ன?"

மிராசுதாரின் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் கத்தினார். எங்கள் ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடக்க வேண்டிய மிராசுதார் தெருவில், படிக்கும் மும்முரத்தில் பாதி தூரம் வந்திருந்தேன்.

"செருப்புங்க" என்றேன். கழற்றாமலே தெருவைத் தாண்டினேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் நடவுக்குக் கிளம்பும்போது, "உன் செருப்பக் குடு" என்றாள். அதே தெரு வழியாகப் போய், வயல் வரப்பில்தான் கழற்றினாள்.

நாவலின் கடைசிப் பக்கங்களை நான் படிக்கவே இல்லை. அதைவிட நல்ல முடிவை நேரிலேயே பார்த்துவிட்டேன்.