ஆமினாவின் அட்டையில் இருந்த எண்

திங்கட்கிழமை மாலை, பூன் லே வீட்டுச் சமையலறை மேசையில் அப்பாவும் மகளும் பெயர் அட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா கப்பல் பட்டறையில் வரைபடம் வரைபவள். அப்பா சிலுவைராஜ் அளவு சொல்லச் சொல்ல அவள் வெட்டி, கறுப்பு மையில் எழுதினாள். அவர் வேலை பார்க்கும் பயிற்சிக் கூடத்து ரோபோ வகுப்பில் பதினோரு மாணவர்கள், ஆளுக்கு எட்டு அட்டை. மெல்லிய காகிதம் ரோபோவின் பிடியிலிருந்து நழுவிவிடும் என்று, புதுச் சட்டைக்குள் வைத்து வரும் கெட்டி அட்டைகளை அவர் மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார்.

கடைசியாக ஆமினா பீவியின் அட்டை. வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தாள். வீட்டில் போன் இல்லை.

"நம்ம நம்பரப் போடு," என்றார் அப்பா.

"யாருப்பா எடுக்கிறது? நான் வேலைக்குப் போயிடுவேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது."

"வெள்ளிக்கிழமையிலேருந்து எனக்கு லீவு. வீட்டுலதானே கிடக்கப் போறேன். எழுது லா. போன் எடுக்கலைன்னா கம்பெனிக்காரனுங்க அடுத்த கார்டுக்குப் போயிடுவானுங்க."

எழுதினாள்.

சிலுவைராஜ் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் ஜூரோங் ஆலை ஒன்றில் கடைசல் இயந்திரத்தில் வேலைக்கு நின்றார். பத்து வருடம் கழித்து ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் ரோபோ வகுப்பு தொடங்கியபோது பட்டறை உதவியாளராகச் சேர்ந்தார். இயந்திரத்துக்கு எண்ணெய் போடுவதும் வயர் மாற்றுவதும் அவர் வேலை. மாணவர்களுக்கு ஆலைகளில் பயிற்சி இடம் பிடித்துக் கொடுப்பது அவர் வேலையே இல்லை. ஆனால் ஆறு மாதப் பயிற்சி இல்லாமல் சான்றிதழ் இல்லை என்பதால், மதிய இடைவேளையில் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு ஆலை உணவகங்களுக்குப் போவார். மேற்பார்வையாளர்கள் சாப்பிடும் மேசையில் இடம் பிடித்து உட்கார்ந்து, இயந்திரத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்து, மெல்ல ஒரு பையனின் பெயரை நுழைப்பார். சாமான் அறைக் கோவிந்தசாமி அவரைத் தரகர் என்றுதான் கூப்பிடுவார். "என்ன தரகரே, இன்னைக்கு எத்தனை ஜாதகம் பொருந்துச்சு?"

எண்பத்தைந்தில் ஆலைகள் ஆட்களைக் குறைத்தன. அதற்குப் பிறகு வாசல் காவலாளியே அவரைத் திருப்பி அனுப்பினார். ஜப்பானிய மேலாளர்கள் பெயர் அட்டையை இரண்டு கையாலும் வாங்குவதை அவர் பார்த்திருந்தார். அட்டை இல்லாதவன் முகம் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை என்பதும் தெரியும். ஆலைக்காரர்களைப் பயிற்சிக் கூடத்துக்கே அழைக்கலாம், ஒவ்வொரு மாணவனும் ரோபோவின் கையைத் தானே இயக்கித் தன் அட்டையை எடுத்து நீட்டட்டும் என்று யோசனை சொன்னார். ஆசிரியர்கள் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

புதன்கிழமை ஆலைக்காரர்கள் வந்தார்கள், எல்லாம் நல்லபடியாக நடந்தது. இரவு சாப்பிடும்போது அப்பா ஆமினாவைப் பற்றியே பேசினார். ஜூரோங் கம்பெனி மேற்பார்வையாளர் அவள் அட்டையை வாங்கியதை இரண்டு முறை சொன்னார். "பையில போடல. போற வரைக்கும் கையிலயே வச்சிருந்தார்."

வியாழக்கிழமை காலை, பேருந்து நிறுத்தத்தில் அவர் இதயம் நின்றுபோனது.

அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டியை வைத்தார்கள். மேலே வீட்டில் அன்று மாலை முழுவதும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வேலை முடிய நேரமானால் அப்பா போன் செய்வது வழக்கம். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் உள்ளே உட்கார்ந்திருந்த அம்மா அல்போன்சம்மாள் எழுந்து, "அப்பாதான், லேட்டாகும்னு சொல்லக் கூப்பிடுறார்," என்று நடக்கப் பார்த்தாள். நான்காவது முறை ஜெசிந்தா ரிசீவரை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். அதோடு மறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜெபமாலை முடிந்ததும் ஒரு பெண் தூணை விட்டு விலகி அருகில் வந்தாள். ஆமினா.

"அக்கா," என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை அடக்கம். திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்ல நினைத்தபோதுதான் ஜெசிந்தாவுக்குத் தலையணை ஞாபகம் வந்தது. ரிசீவரை எடுத்துப் போனில் வைத்தாள். உட்கார்ந்தாள். ஆமினாவின் அட்டையில் எழுதியது இந்த எண். பிறகு எழுந்து ஜூரோங் கம்பெனிக்குப் போன் செய்தாள்.

அங்கிருந்த எழுத்தர் மரியாதையாகவே பேசினார். வெள்ளிக்கிழமை மூன்று முறை, சனிக்கிழமை காலை ஒரு முறை கூப்பிட்டிருக்கிறார். நான்கு முறையும் எங்கேஜ்டு. இருந்தது ஒரே இடம். அதை அடுத்த அட்டைக்காரருக்குக் கொடுத்தாகிவிட்டது.

வீட்டில் நடந்ததை ஜெசிந்தா அவரிடம் சொல்லவில்லை. நன்றி சொல்லி வைத்தாள்.

அன்று பிற்பகல் தேக்காவுக்குப் போனாள். ஆமினா தன் அப்பாவின் காய்கறிக் கடையில் வெண்டைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள், தலையணை உட்பட.

ஆமினா தராசிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கம்பெனி போன் வந்துச்சான்னு கேட்கத்தான் அன்னைக்கு வந்தேன்க்கா. அம்மாவப் பார்த்ததும் கேட்க வாய் வரல." காயைப் பையில் போட்டு வாடிக்கையாளரிடம் கொடுத்தாள். "இடம் பிடிக்க மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு. வேற யாரு என்னை எடுப்பாங்கன்னுதான் தெரியல. சார் வியாழக்கிழமை தெம்பனிஸ் ஆலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. நாலு மணி வரைக்கும் தேக்கா பஸ் ஸ்டாப்புல நின்னேன். வராம இருக்கமாட்டாரேன்னு நின்னேன்."

ஆமினா ஜெசிந்தாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வீடு திரும்பியதும் ஜெசிந்தா ரிசீவர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு, மருத்துவமனையில் கொடுத்த பையை முதல் முறையாகப் பிரித்தாள். அப்பாவின் கைக்கடிகாரம், ஜெபமாலை, சட்டைப்பை நோட்டு. நோட்டில் ஆலைகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. போய் வந்த ஒவ்வொன்றின் எதிரிலும் சிவப்பு மையில் சரிக்குறி. கடைசி வரியோடு ஆமினாவின் இரண்டு அட்டைகள் குத்தூசியால் கோர்க்கப்பட்டிருந்தன, ஜெசிந்தா தன் கையால் எழுதியவை.

"தெம்பனிஸ். வியாழன் 2 மணி. ஆமினாவை நேரில் கூட்டிப் போகணும்."

அந்த வரிக்கு எதிரே குறி இல்லை.