புதன்கிழமைப் பிறந்தநாட்கள்

பர்மாவின் யங்கோனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தவை தாமுவே பகுதியில் எங்கள் வீட்டுப் பிறந்தநாட்கள்தான். புதன்கிழமைதோறும் யாராவது ஒருவர் பிறந்துவிடுவார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் என் மாமனாருக்கு மூன்று முறை அறுபத்தொரு வயது ஆனது. மேசையில் மெழுகுவர்த்தி, ஒரு சட்டி கௌசுவே நூடுல்ஸ், சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர், கண்ணை மூடி, கண்ணீர் விட்டு ஜெபம். வீட்டில் கூடி ஜெபிக்க அனுமதி கிடைக்காது. பிறந்தநாளை யார் தடுப்பார்கள்? ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். நான் பாளையங்கோட்டைக்காரி. அங்கே ஜெபக்கூட்டம் என்றால் ஒலிபெருக்கி மூன்று தெருவைத் தூங்கவிடாது. இங்கே பாட்டை முணுமுணுத்துப் பாடிப் பழகவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

இன்னொன்றுக்கு மட்டும் பழகவே முடியவில்லை. அரசு அலுவலகத்தில் இந்தியப் பாஸ்போர்ட்டை நீட்டினால் எனக்கு நாற்காலி போடுவார்கள். இங்கேயே பிறந்த தகப்பனுக்கு இங்கேயே பிறந்த என் கணவரையோ, "கலா, தள்ளி நில்லு" என்பார்கள். கலா என்பது நம்மவரை இங்கே இளக்காரமாக அழைக்கும் சொல். கண்ணாடி போட்ட எங்கள் வார்டு அதிகாரியின் வாயிலும் அதுதான். எனக்கு ரத்தம் கொதிக்கும். மாமனாரோ, "ஆண்டவரே, அந்தக் கண்ணாடிக்காரரை ஆசீர்வதியும்" என்று வாராவாரம் ஜெபிப்பார். அதற்கு மட்டும் நான் ஆமென் சொல்ல மாட்டேன்.

மகள் ரூத்தின் பத்தாவது பிறந்தநாள் ஒரு புதன்கிழமையில் வந்தது. பத்து வயதில் அடையாள அட்டைக்கு எழுதிப்போட வேண்டும். அதற்கு அவள் இந்த வார்டில் பிறந்தவள் என்று கண்ணாடிக்காரர் கடிதம் தர வேண்டும். அட்டை இல்லையென்றால் பின்னால் கல்லூரியும் இல்லை, வேலையும் இல்லை. அன்று நாங்கள் கண்ணை மூடியிருந்தபோது அவரே நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் நின்றார்.

"இன்னைக்கு யாருக்கு?"

"என் பேத்திக்கு. நெசமாவே" என்றார் மாமனார்.

அவர் நோட்டைப் புரட்டினார். "இந்த வருஷம் உங்க வீட்டுல இருபது பேரு பொறந்திருக்காங்க. இதை எப்படி நம்புறது? பொறந்தநாளுக்கு உங்க ஆளுங்க ஏன் அழுறாங்க?"

சொன்ன பொய்யெல்லாம் பிள்ளையின் தலையில் வந்து விடிகிறதே என்று ரூத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மாமனார் எழுந்து நின்றார். "இத்தனை நாள் சொன்னது பொய்ங்க. கூடி ஜெபம் பண்றோம். ஆனா இவ பொறந்தது இன்னைக்குத்தான்."

"யாருக்கு ஜெபம்?"

எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பர்மிய மொழி பேசும் ரூத் அவரை மாமா முறை சொல்லி முந்திக்கொண்டாள். "உங்களுக்கும்தான், ஊலே. பேரு தெரியாததால தாத்தா கண்ணாடிக்காரர்னு சொல்லுவாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "என் பேரு தின் வின்" என்றார். பிறகு உட்கார்ந்து இரண்டு கிண்ணம் கௌசுவே சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. பிறந்த இடம் தாமுவே, இனம் இந்தியர் என்று எழுதியிருந்தார். "நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லையே!" என்றாள் ரூத். அநியாயம் தீர்ந்துவிடவில்லை, ஆனால் அட்டை கிடைத்துவிடும்.

அடுத்த புதனும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். "மேல இருந்து யாராவது கேட்டா, பொறந்தநாளுன்னே சொல்லுங்க" என்று தின் வின்னே சொல்லி அனுப்பியிருந்தார். மாமனார் அவர் பேரைச் சொல்லி ஜெபித்தார். கொஞ்சம் சிரமப்பட்டு நானும் ஆமென் சொன்னேன். அடுத்து, "எங்கள் தேசத்தையும் ஆசீர்வதியும்" என்றார்.

எந்தத் தேசம் என்று அவர் சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நான் இரண்டு ஆமென் சொன்னேன்.