திமிங்கிலத் தாடை வாசல்

இந்த ஊர் ஆண்கள் காலையில் தேநீர் குடிக்கும் முறை எனக்குப் பிடிபட ஓராண்டு ஆனது. இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் நான் நூல் விற்கும் கடைக்கு எதிரே, சுபஹுத் தொழுகை முடிந்ததும் கல்யாணமானவர்கள் ஒவ்வொருவராக ஒழுங்கையில் போவார்கள். எங்கே என்று கேட்டால், "உம்மாட ஊட்ட, தேத்தண்ணி குடிக்க" என்பார்கள். பெற்ற தாயின் வீட்டில் குடித்துவிட்டுத் திரும்புவது மனைவியின் வீட்டுக்கு. இங்கே கல்யாணத்தோடு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறான். கடையநல்லூரில் பிறந்த எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஊர் முழுக்க வீட்டோடு மாப்பிள்ளைகள்!

இப்போது கடையநல்லூரில் நீங்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்களாம். அண்ணன் கடிதம் போட்டிருக்கிறார். "பெண்டாட்டி வீட்டில் கிடக்கிறாய். இங்கே தலை காட்ட முடியவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வா, இல்லையென்றால் வராதே" என்று. அவருக்கு மட்டும் பதில் எழுதினால் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். அதனால் ஊருக்கே எழுதுகிறேன். ஆம், நான் வீட்டோடு மாப்பிள்ளைதான். எப்படி ஆனேன் என்பதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் கூட்டாளி அகமதுலெவ்வை நெசவுக்காரன், வாய் ஓயாதவன். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ஒஸ்டின் கார் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றான். "நம்மட கரையில நாலு புதினம் இரிக்கி. ஒரே நாளில காட்டுறன், ஏறு மச்சான்" என்றான். புதினம் என்றால் இங்கே அதிசயம். என் பக்கத்துக் கதவைத் தும்புக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அன்று முழுக்க நான் ஏறியதும் இறங்கியதும் சன்னல் வழியாகத்தான்.

காரைதீவில் இரட்டைத் தலைத் தென்னை. ஒரு தலை மூத்த மகளுக்கு, மற்றது இளையவளுக்கு என்றார் அந்த வளவின், அதாவது வீட்டு மனையின், சொந்தக்காரர். மகனுக்கு என்ன என்று கேட்டேன். "அவன்ட பொஞ்சாதிக்கும் தென்னை இரிக்கும்தானே தம்பி" என்றார், கேட்டவனுக்குப் புத்தி இல்லை என்பது போல. அக்கரைப்பற்றுத் தேநீர்க் கடையில் வைக்கோல் அடைத்த முதலை ஒன்று, கறுப்புக் கண்ணாடி மாட்டி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. "உங்கட இந்தியாவில முதலை இல்லியா?" என்றார் கடைக்காரர். இருக்கிறது, தேநீர் குடிக்க வருவதில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. முதலைக்கு மரியாதை குறைந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டார் போலும். கோமாரியில் கடலுக்கு இருபது எட்டுத் தள்ளி ஒரு கிணறு, தண்ணீரில் உப்பே இல்லை. இரண்டு வாளி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

நாலாவது சாய்ந்தமருதில். வெயில் சாயும் அசர் தொழுகை நேரம். ஒரு வளவின் வாசலில், கரையொதுங்கிய திமிங்கிலத்தின் தாடையெலும்பு இரண்டையும் தூணாக நட்டிருந்தார்கள். உள்ளே அழகான கல்வீடு. வளவின் மூலையில் தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு குடிசை, அதன் முன் சாரன் கட்டிய ஒருவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். காவல்காரர் என்று நினைத்து, "பெரியவரே, எலும்பு பார்க்க வந்தோம். வீட்டுச் சொந்தக்காரரைக் கொஞ்சம் கூப்பிடுங்கள்" என்றேன். அவர் ஊசியை வைத்துவிட்டு, "மகள், உன்னத் தேடி ஆள் வந்திரிக்கி" என்று குரல் கொடுத்தார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கல்வீட்டுக் கதவோரம் வந்து நின்றாள்.

எனக்குக் காது சுட்டது. வீட்டைக் கட்டியவர் அந்தப் பெரியவர்தான். மூத்த மகளின் கல்யாணத்தன்று அதை அவள் பேருக்கு எழுதிவிட்டு, மனைவியோடும் இளைய மகளோடும் குடிசைக்கு மாறியிருக்கிறார். பக்கத்தில் இடுப்பளவு எழும்பி நின்ற சுவர் இளையவளுக்கு. லெவ்வை என் காதில், "இதான் மச்சான் நாலாவது புதினம். அந்தச் சுவர் உனக்குத்தான்" என்றான். ஊர்சுற்றல் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பெண் வீட்டில் போய் ஒண்ட நான் நாதியற்றவனா? கல்யாணமானால் என் வீட்டுக்குத்தான் அவள் வரவேண்டும்" என்று அங்கேயே கத்திவிட்டேன்.

பெரியவர் கோபிக்கவில்லை. "ஓம் மனே, கூட்டிப் போங்க. ஒருநாள் நீங்க இல்லாமப் போனா, எண்ட புள்ள எந்த ஊட்ட இரிப்பா?" என்று மட்டும் கேட்டார்.

என் உடன்பிறந்த கதீஜா அக்காதான் கண்முன் வந்தாள். அவள் கணவர் மௌத்தாகி, இத்தா இருக்கும் நாலு மாதம் பத்து நாள் முடிந்த மறுநாளே மாமியார் வீட்டார் அவளை அனுப்பிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள், ஒரு தகரப் பெட்டி. நம் வீட்டு வாசலில் அண்ணன் அவளைப் பார்த்து, "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். அக்கா செருப்பைக் கழற்றாமல் நின்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்றும் என்னை விடவில்லை. இன்றைக்கும் அவள் பிள்ளைகளோடு படுப்பது தறிக்கொட்டகையில். மார்க்கப்படி அந்த வீட்டில் அவளுக்கும் பங்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியாதா? தெரியும். பங்கு கேட்கிற பெண்ணுக்கு ஊரில் என்ன பெயர் வைப்பீர்கள் என்று அவளுக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் நானே சாய்ந்தமருதுக்குப் போய், இளையவளைக் கட்டச் சம்மதம் என்று சொல்லி, சுவரை எழுப்பச் சொன்னேன். இப்போது என் மனைவி ஆசியா உம்மாவின் வீட்டில் இருக்கிறேன். சுவரில் ஆணி அடிப்பதற்கும் அவளைக் கேட்கிறேன். சில நாள் சுருக்கென்று தைக்கத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. அதற்காக ஓடி வருகிறவன் நான் இல்லை.

போன மாதம் இந்த நாட்டில் தங்கும் அனுமதிக்காக மட்டக்களப்பில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தில் சொந்த ஊர் முகவரிக்குக் கதீஜா வீடு என்றும், இலங்கை முகவரிக்கு ஆசியா உம்மா வீடு என்றும் எழுதினேன். "ரெண்டும் பொம்புளப் பேரா இரிக்கி. உங்கட வீடு எது?" என்றார் கிளார்க். அதற்கு இதில் கட்டம் இல்லையே ஐயா என்றேன்.

அண்ணனுக்குப் புரியட்டும். வாப்பா விட்டுப்போன வீட்டில் என் பங்கை அக்காவுக்கு ஹிபாவாக, மார்க்கப்படியான கொடையாக, எழுதிக் கொடுத்துவிட்டேன். சாட்சிகள் கையெழுத்தோடு ஒரு பிரதி அவளுக்கு, ஒன்று ஜமாத்துக்கு. என் பங்கான தெருப்பக்கத்து அறை இனி அவளுடையது. ஜமாத்தார் கூடப் போய் அவளைக் குடிவையுங்கள். பிறகு வேண்டுமட்டும் சிரியுங்கள்.

இங்கே தினமும் தாடையெலும்புக்குக் கீழே நின்று ஸலாம் சொல்லி, உள்ளிருந்து பதில் வந்த பிறகே நுழைகிறேன். ஊருக்கு வந்தாலும் அக்காவின் வாசலில் அப்படித்தான் நிற்பேன், செருப்பைக் கழற்றாமல். எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்கட்டும்.