ஜி.பி.எஸ். தேர்ந்தெடுத்த வாரம்

சிங்கப்பூரிலிருந்து இரண்டு கருவிகள் வந்திருந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொண்டுவந்தவர் எங்கள் கூட்டாளியின் அக்கா கணவர். அன்று மாலை விமானத்தில் அவர் திரும்பிப் போகிறார். எது வேண்டும் என்று முடிவு செய்ய எங்களுக்கு ஆறு நாள் இருந்தது.

நாங்கள் மூன்று பேர். நான் மயிலாப்பூரில் இருந்துகொண்டு தி. நகரில் ஒரு கட்டட வரைபட ஆபீஸில் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். அக்கா கணவரைச் சிங்கப்பூரில் வைத்திருந்தவன் அடையாறில் பாங்கு வேலை. மூன்றாமவன் ராயப்பேட்டையில் பைக் ரிப்பேர் ஷெட் வைத்திருந்தான். பழைய நூறு சிசி வண்டிகள் மூன்றை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, சைலன்சரைத் தூக்கிக் கட்டி, காட்டுப்பாதைக்கு ஏற்றபடி மாற்றியவன் அவன்தான். மாதத்தில் இரண்டு ஞாயிறு ஆந்திர எல்லை தாண்டி மலைப்பக்கம் போவோம். தார் ரோடு முடிகிற இடத்தில்தான் அவனுக்கு முகம் மலரும்.

கருவிகள் வந்தபோது அவனுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஜி.பி.எஸ். வாங்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் எடுத்த முடிவு. ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்திருந்தான்.

"நான் எங்க கீறேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா ஏழு மணி நேரம் ஆயிருக்குமாடா?" என்றான்.

"அது நீ எங்க இருக்கேன்னு உனக்குத்தான் சொல்லும். எங்களுக்குச் சொல்லாது."

"பரவால்ல. எனக்காவது தெரிஞ்சா சரி."

அவன் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் இரண்டு சுளை கொடுத்தாள். சாப்பிட்டேன். சுவரில் ஒரு ஸ்விட்ச் போர்டு கோணலாக இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருத்தம் வரவேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை.

நடந்தது இதுதான். அந்த மலைக்கு நான்தான் வரைபடம் போட்டிருந்தேன். கடைகளில் அந்த மாதிரி வரைபடம் கிடைக்காது. கடலிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற பகுதித் தாள்களைப் பொதுமக்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். எங்கள் ஆபீஸ் பீரோவில் பழைய சர்வே தாள் ஒன்று கிடந்தது. மதிய இடைவேளைகளில் அதை டிரேசிங் பேப்பரில் படியெடுத்தேன். மலைமுகட்டிலிருந்து கீழே கிராமத்துக்கு இறங்கும் வண்டித்தடம் ஒன்று அதில் இருந்தது. பாதி வரை முழுக்கோடு. அதற்கப்புறம் புள்ளிக்கோடு. அதாவது அங்கே தடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நான் முழுக்க ஒரே கோடாக மை போட்டுவிட்டேன். பேனா நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மனசு வரவில்லை. காரணம் அவ்வளவுதான்.

அன்று காலை பாங்குக்காரன் வண்டி பஞ்சர். "நான் முன்னால போய் டீ சொல்றேன்" என்று வரைபடத்தை எடுத்துக்கொண்டு மெக்கானிக் இறங்கினான். நாங்கள் டியூபை ஒட்டிக் கிளம்பியபோது ஆடு மேய்க்கிற ஒரு பெண், அந்தப் பக்கம் பாறை வெட்டிப் பள்ளமாகிவிட்டது, சுற்றிப் போங்கள் என்றாள். சுற்றிப் போனோம். அவனுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தோம். கிராமத்தில் அவன் இல்லை. எங்கேயாவது சுற்றிக்கொண்டிருப்பான் என்று டீ குடித்தோம். சாயங்காலம் கல்குவாரிப் பள்ளத்தில் அவனைப் பார்த்தோம். வண்டி காலின் மேல் கிடந்தது.

புள்ளிக்கோட்டை மாற்றிப் போட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், தூங்கினேன். தூக்கம் நன்றாகவே வந்தது.

முதல் நாள் கருவிகளை ஷெட்டை ஒட்டிய அவன் வீட்டு மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தோம். சாம்பல் நிறக் கருவி குண்டு, கையில் நன்றாக உட்கார்ந்தது. கறுப்பு கொஞ்சம் நீளம். வரைபடம் எதுவும் இரண்டிலும் கிடையாது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள், போன வழியைக் காட்டும் ஒரு கோடு, அவ்வளவுதான்.

"இன்னா மச்சி, சாட்டிலைட்டு புடிச்சுகிச்சா?"

"கறுப்பு புடிச்சிருச்சு. இது இன்னும் தேடுது."

"தேடிக்கினே கீது பாரு, எங்க மாமியார் கண்ணாடி தேடுறாப்ல."

மறுநாள் ஆட்டோ பிடித்து பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். மணலில் ஊன்றுகோல் புதைந்தது. நானும் பாங்குக்காரனும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டோம். தண்ணீருக்குக் கொஞ்சம் தள்ளி அவனை உட்கார வைத்துக் கையில் கறுப்புக் கருவியைக் கொடுத்தேன். அது காட்டிய எண்ணை என்னிடமிருந்த சென்னை வரைபடத்தில் குறித்தால் நாங்கள் கடலுக்குள் இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து வேறு எண். அமெரிக்காக்காரன் வேண்டுமென்றே பிழை சேர்த்து அனுப்புகிறான், நூறு மீட்டர் வரைக்கும் தப்பாகக் காட்டும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தவனை அது மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் நடப்பதாகக் காட்டியது.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். "நடக்கிறேன்டா! டேய், நான் நடந்துக்கினு கீறேன், பார்றா!"

பாங்குக்காரன் எழுந்து தண்ணீர்ப் பக்கம் போய்விட்டான். அவன் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். நான் நோட்டில் நேரத்தையும் எண்ணையும் எழுதினேன். அடுத்து மரத்தடியில் சோதிக்க வேண்டும் என்று எழுதினேன்.

அடையாறில் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் உள்ள ஒரு தெருவில் சோதித்தோம். இலைக்கு அடியில் போனதும் சாம்பல் கருவி சாட்டிலைட்டை விட்டுவிட்டது. கறுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் வியாழக்கிழமை ஷெட்டில் வண்டியின் ஹேண்டில்பாரில் கட்டி இன்ஜினை ஓடவிட்டபோது கறுப்பு அதிர்வில் இரண்டு நிமிஷத்தில் அணைந்து போனது. சாம்பல் தாங்கியது. பாங்குக்காரன் சாம்பலே போதும் என்றான். மெக்கானிக் கறுப்பின் மூடியைத் திறந்து, பாட்டரிக்குப் பின்னால் சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு துண்டைச் செருகினான். மறுபடியும் கட்டினான். பத்து நிமிஷம் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டே நின்றான். அணையவில்லை.

"இதான்" என்றான்.

பாங்குக்காரன் வேலைக்குக் கிளம்பினான். நான் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தேன். கருவிக்கு ஏற்ற மாதிரி கட்டம் போட்ட புது வரைபடம் வேண்டும், எப்போது தருவாய் என்று மெக்கானிக் கேட்டான்.

"வேற யாராவது வரையட்டும்."

"ஏன், உனுக்கு இன்னா?"

சொன்னேன். புள்ளிக்கோட்டை முழுக்கோடாகப் போட்டதைச் சொன்னேன். குரல் சாதாரணமாக இருந்தது. பால் விலை ஏறிவிட்டது என்று சொல்கிற மாதிரி.

அவன் ஒரு துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"தெரிஞ்சு போட்டியா?"

"புள்ளின்னு தெரியும். கீழ பள்ளம்னு தெரியாது."

"ம்."

உள்ளேயிருந்து அவன் மனைவி, "அண்ணா சாப்பிடுறாரா?" என்று கேட்டாள். அவன் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இல்லம்மா, வேலை இருக்கு" என்று நானே சொல்லிவிட்டு எழுந்தேன். தெருவுக்கு வந்து பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். அவன் திட்டியிருக்கலாம். ஸ்பானரை எடுத்து வீசியிருக்கலாம். அப்போதாவது எனக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஆபீஸுக்கு அவனிடமிருந்து போன் வந்தது. "கட்டம் பெருசா போடு. பைக்ல போம்போது சின்னதா இருந்தா தெரியாது." அவ்வளவுதான் சொன்னான். வைத்துவிட்டான்.

சாம்பல் கருவி அடுத்த நாள் சிங்கப்பூர் போனது. நான் வரைய ஆரம்பித்தேன். பழைய தாளில் இருக்கும் அட்சரேகைக் கணக்கு வேறு, கருவியின் கணக்கு வேறு. கருவிக்குள் இந்தியக் கணக்கு என்று ஒன்று இருந்தது. அதைத் தேடித் திருப்பி வைக்க எனக்கு இரண்டு சாயங்காலம் ஆனது. மூன்று வாரம் கழித்து நானும் பாங்குக்காரனும் மட்டும் அந்த மலைக்குப் போனோம். பள்ளத்தின் விளிம்பில் நான்கு இடத்தில் நின்று எண்களைக் குறித்தேன். வேலி கிடையாது. பாங்குக்காரனால் அங்கே நிற்க முடியவில்லை. எனக்குப் பசித்தது. பாறையில் உட்கார்ந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன்.

அவன் எங்களிடம் சொல்லாமல் ஒரு வேலை செய்துகொண்டிருந்தான். செயற்கைக் கால் வந்தது. ஸ்கூட்டரின் கிளட்ச்-கியர் பிடியைக் கழற்றித் தன் பைக்கில் மாட்டி, இடது கால் இல்லாமலே கியர் போடும்படி கேபிள் இழுத்திருந்தான். மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு ஷெட்டுக்கு வரச்சொன்னான். கறுப்புக் கருவி ஹேண்டில்பாரில் இருந்தது. என் வரைபடம் பிளாஸ்டிக் உறைக்குள் பெட்ரோல் டாங்கின் மேல் ஒட்டியிருந்தது.

"நான் முன்னால போறேன். நீங்க வாங்க" என்றான்.

அவன் மனைவி வாசலில் நின்றாள். வண்டி தெருமுனை திரும்பியதும் நான் என் வண்டியில் ஏறினேன். கிக்கரை இரண்டு தடவை மிதித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. வாய் உலர்ந்து போயிருந்தது. பயந்திருக்கிறேன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அண்ணா, போங்க, அவரு நிக்க மாட்டாரு" என்றாள்.

மூன்றாவது மிதிக்கு ஸ்டார்ட் ஆனது. பூந்தமல்லி தாண்டித்தான் அவனைப் பிடித்தோம்.