நந்தனம் சிக்னலில் நஸீமா கேட்ட கேள்வி

நம் உடலியங்கியல் துறையின் வாட்ஸப் குழுவில், முதலாண்டு வகுப்பு அட்டவணைக்குக் கீழே நஸீமா இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தது. வேறு யாரோ நஸீமா என்றே நினைத்தேன். நம் நஸீமாவுக்குத்தான் உடம்புக்கு ஒன்றுமில்லையே!

மயிரிழை போன்ற ரத்தக் குழாய்களைப் பற்றிய நுண்நாளப் பாடம் என்றால் அவள்தான் எடுப்பாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருமுறை கடைசி பெஞ்சில் ஒருவன் தூங்கிவிட்டான். அவனை எழுப்பி உட்காரவைத்து, அவனுக்காகவே மறுபடி சொன்னாள்: "ரத்தத்தோட அழுத்தம் தண்ணியை வெளிய தள்ளும். திசுவுக்குச் சாப்பாடு அதுலதான் போகுது. அல்புமின்ங்கிற புரதம் தண்ணியை உள்ள இழுத்துப் பிடிக்கும். மிச்சத்தை நிணநீர்க் குழாய் கொண்டு வந்து சேர்க்கும். வெளிய போறது நோய் இல்லப்பா, திரும்பி வராததுதான் நோய்."

சென்ற வருடம் ஆசிரியர் அறையில் அவள் செருப்பைக் கழற்றியபோது, பாதத்தில் வார் ஆழமாகப் பதிந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது.

"என்னடி இது?"

"பரீட்சை டியூட்டி. நாள் பூரா நின்னா வீங்காதா? எனக்கே பாடம் எடுக்குறியா?"

சிரித்தாள். நம்பினேன்.

இருவருக்கும் வீடு மேற்கு மாம்பலத்தில். அவள் ஸ்கூட்டரில்தான் திரும்புவோம். அன்று நந்தனம் சிக்னலில் நின்றபோது, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"ஒரு கேஸ் சொல்றேன். பொம்பளை, நம்ம வயசு. கல்லீரல் சுருங்கிப்போச்சு. அல்புமின் ரொம்பக் கம்மி. கால் வீங்கி, இப்ப வயித்துலயும் தண்ணி. என்ன ஆகும்?"

"புரதமே இல்லன்னா தண்ணியை யாரு உள்ள இழுப்பா? வேற கல்லீரல் வெச்சா பொழைச்சுக்கலாம். இல்லன்னா ரொம்ப நாள் தாங்காது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"ஃபுல் மார்க்," என்று வண்டியை எடுத்தாள். வழியெல்லாம் மாம்பழ விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

அடக்கம் முடிந்து வந்த அவளுடைய அண்ணன் அவள் வீட்டு வாசலில் என்னைப் பார்த்தார்.

"என் கல்லீரல்ல பாதி தர்றேன்னு கெஞ்சினேம்மா. உனக்கு மூணு பொண்ணுங்க இருக்காங்க, உன்னை அறுக்க விடமாட்டேன்னா. அப்புறம், உங்களையும் கேட்டுட்டதாவும், இனிமே எதுவும் பிரயோஜனமில்லன்னு நீங்களே சொல்லிட்டதாவும் சொன்னா. அதுக்கு மேல நான் வற்புறுத்தல."

நான் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துப் போயிருக்கிறாள். அதை என் பெயரைச் சொல்லி அவரிடம் கொடுத்திருக்கிறாள்.

"இல்லண்ணா. வேற கல்லீரல் வெச்சா பொழைச்சுக்கலாம்னுதான் சொன்னேன். அந்த கேஸ் அவதான்னே எனக்குத் தெரியாது."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். அண்ணன்மேல் அவள் வைத்த பாசத்தை நினைத்துப் பார் என்றீர்கள். நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பாசத்துக்கு என் வாயைக் கடன் வாங்க அவளுக்கு யார் உரிமை கொடுத்தது? இத்தனை வருடம் பின்னால் உட்கார்ந்து வந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானும் அவளிடம் சண்டை போட்டிருப்பேனே!

நுண்நாளப் பாடம் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. போன வாரம் ஒரு மாணவி எழுந்து, "மேம், ஒருத்தருக்கு அல்புமின் ரொம்பக் குறைஞ்சுட்டா?" என்று ஆரம்பித்தாள். நஸீமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, பதில் சொல்வதற்கு முன் நான் கேட்ட அந்த ஒரு வார்த்தைதான்.

"யாருக்கும்மா?"